டைனோசர் நேஷனல் மானுமென்ட்: முதல்முறை காரில் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

அருங்காட்சியகத்தில் நிமிர்ந்து நிற்கும் டைனோசர் எலும்புக்கூடு பார்ப்பதற்குக் கம்பீரமானது. ஆனால் அதில் விடுபட்ட எலும்புகளுக்கு வார்ப்புகள் செய்து வைத்திருப்பார்கள். இரும்புத் தாங்கிகள் அதை நிறுத்தியிருக்கும். அந்த விலங்கு எப்படி வாழ்ந்தது என்று அறிஞர்கள் கருதினார்களோ அந்தத் தோற்றத்தில் அது நிற்கும். அது இறந்த பிறகு என்ன ஆயிற்று, எந்த மணலில் புதைந்தது, அதன் பக்கத்தில் வேறு எவை கிடந்தன என்பதையெல்லாம் அறிய வேண்டுமானால் எலும்புகள் பாறையிலேயே விடப்பட்டிருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். அத்தகைய இடங்களில், சாதாரணக் காரில் வாசல் வரை சென்று, சிறு பிள்ளைகளோடும் முதியவர்களோடும் பார்த்துவரக்கூடியவை மிகச் சில. அமெரிக்காவின் யூட்டா, கொலராடோ மாநிலங்களின் எல்லையில் பரந்து கிடக்கும் டைனோசர் நேஷனல் மானுமென்ட் அவற்றில் ஒன்று. அமெரிக்காவில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர்கள், விடுமுறையில் வாடகைக் கார் எடுத்துச் சுற்றும் மாணவர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. தொல்லுயிரியல் முன்னறிவு எதுவும் தேவையில்லை. இங்குள்ள எலும்புச் சுவரின், அதாவது எலும்புகள் பதிந்தபடியே நிற்கும் பாறைமுகத்தின், முன்னால் நிதானமாக நிற்பதற்குப் போதிய நேரம் கிடைக்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்வதே தலையாயது என்பது என் கருத்து. கீழே சொல்லப்படுபவை எல்லாம் அதற்கான ஏற்பாடுகளே.

எந்தப் பக்கம் போக வேண்டும்

முதலில் இடக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 2,10,000 ஏக்கர். கிரீன் ஆறும் யாம்பா ஆறும் இதன் நடுவே ஆழமான பள்ளத்தாக்குகளை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. இவ்வளவு பெரிய நிலத்தில் டைனோசர் எலும்புகளைப் பார்வையாளர் பார்க்கக்கூடிய இடம் யூட்டா பக்கத்தில், ஜென்சன் என்னும் சிற்றூருக்கு வடக்கே மட்டுமே இருக்கிறது. கொலராடோ பக்கத்தில் டைனோசர் என்ற பெயரிலேயே ஓர் ஊர் உண்டு. முன்பு ஆர்ட்டீசியா என்றிருந்த அவ்வூர் 1966-ஆம் ஆண்டு இப்பெயரைச் சூட்டிக்கொண்டது. அதன் தெருக்களுக்கும் பிரான்டோசாரஸ், ஸ்டெகோசாரஸ் என்றெல்லாம் பெயர். அதன் அருகே பூங்காவின் கேன்யன் பார்வையாளர் மையமும் இருக்கிறது. ஆனால் அங்கே புதைபடிவம் எதுவும் இல்லை. அங்கிருந்து தொடங்குவது மலைமுகட்டுச் சாலையும் பள்ளத்தாக்குக் காட்சிகளும்தான். கைப்பேசியின் வழிகாட்டிச் செயலியில் "டைனோசர்" என்று மட்டும் தட்டிவிட்டுப் புறப்படுபவர்கள் அந்த ஊரில் போய் இறங்கி, பிள்ளைகளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு இன்னும் ஏறக்குறைய 40 கி.மீ. ஓட்ட வேண்டியிருக்கும். ஆகவே "குவாரி விசிட்டர் சென்டர், ஜென்சன், யூட்டா" என்று முழுமையாகக் குறிப்பிட்டுத் தேடுங்கள்.

தங்குவதற்கு வெர்னல் பொருத்தமான ஊர். ஜென்சனுக்கு மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கும் அவ்வூரில் விடுதிகளும் மளிகைக் கடைகளும் பெட்ரோல் நிலையங்களும் போதிய அளவில் உள்ளன. ஒரே நாளில் சால்ட் லேக் சிட்டியிலிருந்து வந்து திரும்புவது முடியாத காரியமன்று. ஆனால் அப்படி வருபவர்கள் நாளின் பெரும்பகுதியைச் சாலையில் கழித்துவிட்டு, சுவருக்கு முன்னால் களைத்துப்போய் நிற்பார்கள். இரண்டு இரவுகள் வெர்னலில் தங்குவதே நான் பரிந்துரைப்பது. கூடாரம் அடித்துத் தங்க விரும்புவோருக்குப் பூங்காவுக்குள்ளேயே கிரீன் ஆற்றங்கரையில் முகாம் மைதானம் இருக்கிறது; பருத்திமர நிழலும் ஆற்றோசையும் அங்கே கிடைக்கும், குளிக்கும் வசதி கிடைக்காது.

காலமும் கட்டணமும்

எலும்புச் சுவரைக் காக்கும் கூடம், சில முக்கிய விடுமுறை நாட்கள் நீங்கலாக, ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது. எனினும் மே, ஜூன் தொடக்கம், செப்டம்பர், அக்டோபர் தொடக்கம் ஆகியவையே வெளியில் நடப்பதற்கு இதமான காலங்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இயல்பு. நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்கள் இதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. இது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள வறண்ட நிலம். வியர்வை தோலில் தெரியும் முன்பே உலர்ந்துவிடுவதால் உடல் நீரை இழப்பது நமக்கு உறைக்காது. குளிர்காலத்தில் பனி மூடியிருக்கும், வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே போகும். ஆனால் கூட்டமே இருக்காது என்பதால் சுவரைத் தனிமையில் பார்க்க விரும்புவோர் அந்தப் பருவத்தையும் நினைத்துப் பார்க்கலாம்.

நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஆள் வாங்குவதன்று, காருக்கு ஒன்று: 25 டாலர், ஏழு நாட்களுக்குச் செல்லும். ஓராண்டுக்குள் வேறு தேசியப் பூங்காக்களுக்கும் போகும் எண்ணம் இருந்தால், அமெரிக்காவில் வசிப்போர் 80 டாலருக்கு வாங்கக்கூடிய ஆண்டுச் சீட்டு இங்கும் செல்லும். கோடையில் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்காக, கூடத்துக்குள் நுழைவதற்கு நேரம் குறித்த சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்யச் சொல்வதும் உண்டு. பயண நாளை முடிவு செய்தவுடன் பூங்காச் சேவையின் இணையதளத்தைத் திறந்து அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்; கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாற்றப்படுபவை.

சாலை

சால்ட் லேக் சிட்டியிலிருந்து வருபவர்களுக்கு யூஎஸ் 40 நெடுஞ்சாலைதான் வழி. ஏறக்குறைய 280 கி.மீ.; ஹீபர் சிட்டி, ஸ்ட்ராபெரி நீர்த்தேக்கம், டூஷேன், ரூஸ்வெல்ட் வழியாக வெர்னல் வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஹீபர் சிட்டியைக் கடந்ததும் சாலை 2,400 மீட்டருக்கு மேல் ஏறி டேனியல்ஸ் கணவாயைத் தாண்டுகிறது. அக்டோபர் முடிவிலிருந்து ஏப்ரல் வரை இங்கே பனி பொழியலாம் என்பதால், புறப்படுமுன் மாநிலப் போக்குவரத்துத் துறையின் சாலை நிலவரத்தைப் பார்ப்பது கட்டாயம். கணவாய்க்கு அப்பால் யூயின்டா படுகையில் எண்ணெய்க் கிணறுகள் மிகுதி. கச்சா எண்ணெய் ஏற்றிய நீண்ட டேங்கர் லாரிகள் இச்சாலையில் இரவும் பகலும் ஓடும். முந்துவதற்குத் தனித் தடம் வரும்வரை பொறுமையாக அவற்றின் பின்னாலேயே வாருங்கள். டென்வரிலிருந்து வருபவர்களுக்குச் சுமார் ஆறு மணி நேரப் பயணம். ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ், கிரெய்க் வழியாகவும் வரலாம், ரைஃபிள், ரேஞ்ச்லி வழியாகவும் வரலாம்.

எந்தப் பக்கமிருந்து வந்தாலும், பொழுது சாயும் முன்பே விடுதியைச் சேர்ந்துவிடும்படி கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்தி நேரத்தில் மான்கள் சாலையைக் கடக்கும். அவை காரின் விளக்கைக் கண்டால் ஒதுங்காமல் அப்படியே நின்றுவிடும். கைப்பேசிச் சமிக்ஞை ஊர்களுக்கு இடையே பல இடங்களில் அறுந்துபோகும் என்பதால், வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவிலிருந்து வந்து வாடகைக் கார் ஓட்டுபவர்கள் இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருப்பது நல்லது.

உணவைப் பற்றி ஒரு சொல். பூங்காவுக்குள் உணவகமும் கிடையாது, பெட்ரோல் நிலையமும் கிடையாது. வெர்னலில் இரவே தொட்டியை நிரப்பிவிட்டு, பகல் உணவைக் கட்டி எடுத்துச் செல்ல வேண்டும். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் இந்த வெயிலைத் தாங்கும். தயிர்ச் சாதம் எடுப்பதானால் பனிக்கட்டி போட்ட பெட்டியில் வையுங்கள். குடிநீர் தலைக்குக் குறைந்தது மூன்று லிட்டர் இருக்கட்டும். பார்வையாளர் மையத்தில் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். அகன்ற தொப்பி, பிடிமானமுள்ள காலணி, இவற்றோடு ஒரு சிறிய இருகண்நோக்கியும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதன் பயன் சுவருக்கு முன்னால் நிற்கும்போது தெரியும்.

பார்வையாளர் மையத்திலிருந்து கூடத்துக்கு

ஜென்சனில் யூஎஸ் 40-லிருந்து வடக்கே பிரியும் 149-ஆம் எண் சாலையில் சுமார் 11 கி.மீ. சென்றால் குவாரி பார்வையாளர் மையம் வரும். எலும்புச் சுவர் இங்கே இல்லை. அது மேலே, குன்றின் மடிப்பில், குவாரி காட்சிக்கூடம் என்ற தனிக் கட்டடத்துக்குள் இருக்கிறது. கோடைக்காலத்தில் மையத்தில் காரை நிறுத்திவிட்டுப் பூங்காவின் சிறு பேருந்தில் மேலே செல்ல வேண்டும். மற்றப் பருவங்களில் குறித்த நேரங்களில் ரேஞ்சர் எனப்படும் பூங்காக் காவலர் ஒருவர் முன்னே செல்ல, பார்வையாளர்கள் தங்கள் கார்களில் வரிசையாகப் பின்தொடர்வார்கள்.

மையத்திலுள்ள சிறு காட்சியையும் அறிமுகப் படத்தையும் தவிர்க்காமல் பார்த்துவிடுங்கள். கால் மணி நேரத்துக்குமேல் ஆகாது. பிள்ளைகள் இருந்தால் அங்கேயே ஜூனியர் ரேஞ்சர் கையேட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதிலுள்ள பயிற்சிகளை முடித்துக்கொண்டு வந்து காட்டினால் ரேஞ்சர் உறுதிமொழி எடுக்கச் செய்து வில்லை ஒன்றைத் தருவார். அதைவிட முக்கியமாக, அந்தக் கையேடு பிள்ளைகளைச் சுவரை உற்றுப் பார்க்க வைக்கிறது.

பேருந்தில் ஏறும் முன் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லிவைப்பது நல்லது: இங்கே டைரனோசாரஸ் ரெக்ஸ் கிடையாது. இந்தச் சுவரிலுள்ள விலங்குகள் இறந்து ஏறக்குறைய எட்டுக் கோடி ஆண்டுகள் கழித்துத்தான் அது தோன்றியது. இங்குள்ள பெரிய ஊனுண்ணி அலோசாரஸ். அதன் எலும்புக்கூட்டு வார்ப்பு ஒன்று கூடத்துக்குள் வரவேற்கும்.

சுவரைப் படிப்பது

கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு பக்கம் முழுவதும் சாய்ந்து நிற்கும் மணற்பாறை. அதில் ஏறக்குறைய 1,500 எலும்புகள், புதைந்த இடத்தை விட்டு அசையாமல், மேற்பரப்பு மட்டும் செதுக்கி வெளிக்கொணரப்பட்ட நிலையில் இருக்கின்றன. முதல் பார்வைக்கு எல்லாம் ஒரே குவியலாகத் தெரியும். "பார்த்தாயிற்று" என்று படம் எடுத்துக்கொண்டு பத்தே நிமிடத்தில் வெளியேறுபவர்கள் நிறைய. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எதைத் தேட வேண்டும் என்று தெரியாதபோது கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. ஆகவே, என்ன நடந்தது என்பதை முதலில் தெரிந்துகொண்டு பார்க்கத் தொடங்குங்கள்.

ஏறக்குறைய 14.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த இடத்தில் ஓர் ஆறு ஓடியது. கடும் வறட்சியில் நீர்நிலைகளைத் தேடி வந்த விலங்குகள் ஆற்றை ஒட்டியே மடிந்தன. பிறகு வெள்ளம் வந்தபோது உடல்களையும் எலும்புகளையும் அடித்துக்கொண்டு வந்து, ஆற்றின் வேகம் தணியும் மணல்திட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒதுக்கி, மணலால் மூடிவிட்டது. நிலத்தடி நீரில் கரைந்திருந்த கனிமங்கள் எலும்புகளின் நுண்துளைகளில் படிந்து அவற்றைக் கல்லாக்கின. மேலே அடுக்கடுக்காக வேறு படிவுகள் சேர்ந்தன. கடலும்கூட வந்து மூடிப் பின்வாங்கியது. அதன்பின் ராக்கி மலைத்தொடர் எழுந்த காலத்தில் பூமியின் மேலோடு மடங்கியபோது, படுத்திருந்த ஆற்றுப்படுகை தலைதூக்கிச் சுவர்போல் சாய்ந்து நின்றது. ஆகவே நீங்கள் பார்ப்பது ஒரு பழைய ஆற்றின் தரை. கட்டிலில் படுத்திருப்பவரைக் கட்டிலோடு நிமிர்த்தி நிறுத்தியதைப் போல அது நிற்கிறது. தலையைச் சற்றுச் சாய்த்து, மேலிருந்து ஆற்றைக் குனிந்து பார்ப்பதாகக் கற்பனை செய்துகொண்டால் எலும்புகள் கிடக்கும் முறை உடனே புலப்படும்.

இனிப் பார்வையை ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். முதலில் மேல்தளத்துக்குப் போங்கள். அங்கிருந்துதான் சுவரின் முழு அகலமும் தெரியும். நிறத்தைக் கவனியுங்கள்: பாறை வெளிறிய மணல் நிறம், எலும்பு அடர்ந்த பழுப்பு. அடுத்து வடிவம். இரு முனையும் பருத்து நடுவில் ஒடுங்கி, ஓர் ஆளின் உயரத்துக்குச் சற்றே குறைவாகக் கிடக்கும் உருளைகள் சாரோபாடுகளின், அதாவது நெடுங்கழுத்துத் தாவரவுண்ணிகளின், கால் எலும்புகள். உருண்டையான நடுப்பகுதியும் அதிலிருந்து இறக்கைபோல் நீளும் கிளைகளும் கொண்டவை முதுகெலும்பின் கண்ணிகள். அகன்று தட்டையாகக் கிடப்பவை தோள்பட்டை அல்லது இடுப்பு எலும்புகளாக இருக்கலாம். இம்மூன்றையும் அடையாளம் கண்டுகொண்டால் சுவரின் பெரும்பகுதி வாசிக்கக்கூடியதாகிவிடும்.

அதன்பின் தேட வேண்டியது வரிசையை. தனித்துச் சிதறிக் கிடக்கும் எலும்பு, தசையெல்லாம் அழிந்தபின் வெள்ளத்தில் உருண்டு வந்தது. முதுகெலும்புக் கண்ணிகள் ஒன்றையொன்று தொட்டபடி வரிசை குலையாமல் கிடந்தால், அந்த உடல் தசைநார்கள் விட்டுப்போகும் முன்பே மணலுக்குள் போய்விட்டது என்று பொருள். இப்படி ஒரு வரிசையைக் கண்ணால் பிடித்து, இருகண்நோக்கியால் கண்ணி கண்ணியாகத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். கமராசாரஸ் என்னும் சாரோபாடு ஒன்றின் மண்டையோடு கழுத்தெலும்புகளோடு சேர்ந்து கிடப்பதை மேல்தளத்திலிருந்து காணலாம்; கண்குழியும் தாடையும் தெளிவாகத் தெரிகின்றன. சாரோபாடுகளின் மண்டையோடு உடலோடு ஒப்பிட மிகச் சிறியது, மெல்லிய எலும்புகளாலானது. கழுத்திலிருந்து எளிதில் கழன்று அழிந்துவிடும். அதனால் மண்டையோடு கிடைப்பதே அரிது, கழுத்தோடு சேர்ந்து கிடைப்பது அதனினும் அரிது. இந்த ஒன்றுக்கு மட்டுமாவது சற்று நேரம் ஒதுக்குங்கள்.

கீழ்த்தளத்தில் சுவரின் அடிப்பகுதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குறிப்பிட்ட இடங்களில் எலும்பைத் தொட்டுப் பார்க்க அனுமதி உண்டு. எந்த இடம் என்பதை ரேஞ்சரிடம் கேட்டுக்கொண்டு, மென்மையாகத் தொடுங்கள். உளியின் தடங்களும் அருகிலேயே பாறையில் தெரியும். இங்கே பணியாற்றிய தொல்லுயிரியலாளர்கள் எலும்பைப் பெயர்த்தெடுக்காமல் சுற்றியுள்ள பாறையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி அகற்றினார்கள். அந்த உழைப்பு பல பத்தாண்டுகள் நடந்தது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி அருங்காட்சியகத்துக்காக எலும்பு தேடி வந்த ஏர்ல் டக்ளஸ், 1909 ஆகஸ்ட் 17 அன்று இக்குன்றில் அபடோசாரஸ் என்னும் சாரோபாடு ஒன்றின் வால் கண்ணிகள் எட்டு வரிசையாக வெளிப்பட்டிருப்பதைக் கண்டார். தொடர்ந்த அகழ்வில் வண்டி வண்டியாக எலும்புகள் கிழக்கே அனுப்பப்பட்டன. 1915 அக்டோபர் 4 அன்று குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் இவ்விடத்தைச் சுற்றிய 80 ஏக்கரைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1938-இல் பள்ளத்தாக்குகளும் சேர்க்கப்பட்டன. எஞ்சிய எலும்புகளைப் பாறையிலேயே விட்டு, மேலே கூரை அமைத்து மக்கள் பார்க்கச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியவரும் டக்ளஸ்தான். கட்டடம் 1958-இல் திறக்கப்பட்டது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை. ஈரம் பட்டால் உப்பிச் சுருங்கும் களிமண்மேல் நின்றதால் அக்கட்டடம் விரிசல் கண்டு 2006-இல் மூடப்பட்டு, புதுப்பிக்கப்பட்டு 2011 அக்டோபரில் மீண்டும் திறந்தது.

பிட்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயிலுக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவ்வூரிலேயே உள்ள கார்னகி அருங்காட்சியகத்தில் டக்ளஸ் கண்டெடுத்த அந்த அபடோசாரஸ் நிற்கிறது என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? அருங்காட்சியகத்தை நிறுவிய ஆண்ட்ரூ கார்னகியின் மனைவி லூயிஸின் பெயரால் அதற்கு அபடோசாரஸ் லூயிசே என்று பெயரிட்டார்கள். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்து டிப்ளோடோகஸும் இதே குன்றிலிருந்து போனதுதான். யூட்டா பயணத்துக்கு முன்போ பின்போ இவற்றில் ஒன்றைப் பார்க்க முடிந்தால், சுவரில் சிதறிக் கிடக்கும் எலும்புகள் எழுந்து நின்றால் எப்படியிருக்கும் என்பது மனத்தில் பதிந்துவிடும்.

கூடத்துக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

புதைபடிவ நடைபாதை

கூடத்துக்கும் பார்வையாளர் மையத்துக்கும் இடையே ஏறக்குறைய 2 கி.மீ. நீளமுள்ள நடைபாதை ஒன்று உண்டு. பேருந்தில் மேலே போய், நடந்து கீழே இறங்குவது எளிது. கடுங்கோடையில் மட்டும் இம்முறையை மாற்றிக்கொண்டு, காலையில் வெயில் ஏறும் முன் நடந்து மேலே சென்று, கூடத்தைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் திரும்புவது நல்லது. பாதையில் நிழல் என்பதே இல்லை. சில இடங்களில் செங்குத்தாகவும் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம், இழப்பு பெரிதன்று.

நடக்க முடிந்தவர்கள் மெதுவாக நடக்க வேண்டும். பாறைகள் சாய்ந்திருப்பதால், கிடைமட்டமாகச் சில நூறு அடி நடக்கும்போது உண்மையில் பல லட்சம் ஆண்டுகளைக் கடக்கிறீர்கள். ஸ்டம்ப் படிவு என்னும் அடுக்கில், டைனோசர் ஆறுகள் ஓடும் முன்பு இங்கிருந்த ஆழமற்ற கடலின் சிப்பிகள் இருக்கின்றன. சுவரின் எலும்புகளும் அடங்கிய மாரிசன் படிவில் எலும்புத் துண்டுகள் கூரையோ கண்ணாடியோ இன்றி, பாறைமுகத்தில் அப்படியே தெரிகின்றன. இன்னும் கீழே மௌரி களிப்பாறை: சாம்பல் நிறத்தில் தகடு தகடாக உதிரும் அந்தப் பாறையில், விரல்நகத்தைவிடச் சிறிய மீன் செதில்கள் கருமையாக மினுங்குகின்றன. குனிந்து, வெளிச்சம் சாய்வாகப் படும்படி பார்வையை மாற்றிக்கொண்டால் ஒன்று தென்படும். ஒன்று தென்பட்டுவிட்டால் பிறகு எங்கு பார்த்தாலும் செதில்தான். பார்த்ததை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இதே பார்வையாளர் மையத்துக்கு அருகில், வேறொரு பாறையடுக்கிலிருந்து, அபிடோசாரஸ் என்ற புதிய சாரோபாடு 2010-இல் பெயரிட்டு அறிவிக்கப்பட்டது. பாறை அவ்வளவு கடினமாக இருந்ததால் வெடிவைத்துத்தான் மேலடுக்கை அகற்றினார்கள். கிடைத்தவற்றில் மண்டையோடுகளும் இருந்தன என்பதே அதன் சிறப்பு. மேலே சொன்ன காரணத்தால் அது எவ்வளவு அரிதென்று உங்களுக்குத் தெரியும்.

பிற்பகல்: கப் க்ரீக் சாலை

உணவை முடித்துக்கொண்டு, பார்வையாளர் மையத்திலிருந்து கிழக்கே செல்லும் கப் க்ரீக் சாலையில் போங்கள். ஒரு வழிக்கு 16 கி.மீ. அளவுள்ள இச்சாலையின் கடைசிப் பகுதி மண்சாலை. உலர்ந்திருக்கும்போது சாதாரணக் கார் போகும், மழை பெய்திருந்தால் போக வேண்டாம். ஃபிரிமான்ட் மக்கள் என்று இன்று அழைக்கப்படும் தொல்குடியினர் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய பல்லி உருவங்கள் இங்கே பாறைமுகத்தில் உயரே இருக்கின்றன. சாயுங்கால வெளிச்சத்தில் கோடுகள் தெளிவாகத் தெரியும். அவற்றைத் தொடக் கூடாது. கையிலுள்ள எண்ணெய்ப் பசையே காலப்போக்கில் அவற்றைக் கெடுத்துவிடும்.

சாலை முடியும் இடத்தில் ஜோசி மாரிஸின் மரக்குடில். மின்சாரமோ தொலைபேசியோ இன்றி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அங்கே வாழ்ந்த அந்தப் பெண்மணி, குடிலுக்குப் பின்னாலுள்ள முட்டுப் பள்ளத்தாக்கையே கால்நடைப் பட்டியாகப் பயன்படுத்தினார்: மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, நான்காவது பக்கம் மட்டும் வேலி. அங்கே நிழலும் குளிர்ச்சியும் இருப்பதால் முதியவர்கள் இளைப்பாற ஏற்ற இடம்.

இரண்டாம் நாள்

ஒரு நாள் மீதமிருந்தால் கொலராடோ பக்கத்து மலைமுகட்டுச் சாலைக்குப் போவதா, வெர்னலைச் சுற்றியுள்ள பிற டைனோசர் இடங்களைப் பார்ப்பதா என்ற கேள்வி எழும். முதல்முறை வருபவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். வெர்னல் ஊருக்குள் இருக்கும் மாநில இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டிப்ளோடோகஸ் ஒன்றின் முழு எலும்புக்கூட்டைப் பார்க்கலாம்.

ஊருக்கு வடக்கே, சுமார் 16 கி.மீ. தொலைவில் ரெட் ஃப்ளீட் மாநிலப் பூங்கா. அங்குள்ள நீர்த்தேக்கத்தின் கரையில், ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மூவிரல் கால்தடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. போகவர 5 கி.மீ. நடக்க வேண்டும். நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது பல தடங்கள் மூழ்கியிருக்கும், ஆகவே கோடையின் பிற்பகுதியே நல்லது. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் போக வேண்டும். உச்சிவெயிலில் நிழல் விழாததால் தடத்தின் மேலேயே நின்றுகொண்டு தடம் எங்கே என்று கேட்பீர்கள்.

கண்ணில் பட்டால் என்ன செய்வது

தேசியப் பூங்காச் சேவையின் நிலத்தில் ஒரு சிறு கல்லைக்கூட எடுக்க அனுமதி இல்லை. மற்றக் கூட்டாட்சி நிலங்களிலும், 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதுகெலும்புள்ள உயிர்களின் புதைபடிவங்களை அறிவியல் அனுமதியின்றி எடுப்பது குற்றம். ரெட் ஃப்ளீட்டில் பார்வையாளர்கள் சிலர் கால்தடம் பதிந்த பாறைத்தகடுகளைப் பெயர்த்து நீர்த்தேக்கத்தில் வீசி விளையாடியது 2018-இல் செய்தியாக வந்தது. பலருக்கு அவை தடங்கள் என்பதே தெரியாமல் போயிருக்கலாம். தெரிந்தவர்களான நாம் நம்முடன் வரும் பிள்ளைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும். எலும்பின் பெரும்பகுதி அறிவு அது கிடந்த இடத்தில்தான் இருக்கிறது. எந்த அடுக்கு, எந்தத் திசை, பக்கத்தில் எது என்ற குறிப்புகள் போய்விட்டால் அறிஞருக்கு அதனால் அதிகப் பயனில்லை.

நடைபாதையில் புதிதாக எதையாவது கண்டதாகத் தோன்றினால், தொடாமல், துடைக்காமல், நீர் ஊற்றிப் பார்க்காமல் விட்டுவிடுங்கள். அளவு தெரிவதற்காக ஒரு நாணயத்தையோ பேனாவையோ அருகில் வைத்துப் படம் எடுங்கள். சற்றுத் தள்ளி நின்று, சுற்றியுள்ள பாறையும் தெரியும்படி இன்னொரு படமும் எடுங்கள். கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்துக்கொண்டு, பார்வையாளர் மையத்தில் இருக்கும் ரேஞ்சரிடம் போய்ச் சொல்லுங்கள். படத்தையும் இட விவரத்தையும் சமூக ஊடகத்தில் போடாமல், முதலில் அவரிடம் காட்டுங்கள்.